பைக்குள் போட்டால் எட்டு

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. என் மகள் பொத்தான்களைத் திரும்ப எண்ணாமலே "அஞ்சுதான்" என்று சொன்ன அன்றைக்கு, ரொட்டிக்குப் பிசைந்த மாவுக் கையோடு வெளியே ஓடி, எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், இதற்காகவா இப்படி ஓடி வந்தாய் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

இதற்காகத்தான் ஓடினேன். சும்மாவா? ஐந்து பொத்தான்களை முதலில் நெருக்கமாக வைத்தேன். எண்ணினாள், ஐந்து. பிறகு அவற்றையே பாய் முழுக்கப் பரப்பி வைத்தேன். முந்தின வாரம் வரைக்கும் பரப்பி வைத்தால் "நெறைய ஆயிருச்சு" என்பாள். அன்றைக்கு மட்டும் என்னை ஒரு மடச்சியைப் பார்ப்பது போலப் பார்த்து, நீ தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாய், அவ்வளவுதானே என்றாள். நாலு வயதும் சில மாதங்களும் ஆன பிள்ளை. தள்ளி வைத்தாலும் ஐந்து ஐந்துதான் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதுவாகக் கண்டுபிடித்துவிட்டது.

நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். பதினோரு வருஷமாகிறது. அதற்கு முன்னால் ஓ.எல். பரீட்சை மூன்று தடவை எழுதினேன். மற்றப் பாடங்கள் எல்லாம் முதல் தடவையே பாஸ். கணக்கு மட்டும் மூன்று தடவையும் என்னைக் கவிழ்த்தது. கணக்கு இல்லாமல் மேலே படிக்க விடமாட்டார்கள், எந்த வேலைக்கும் மனுப் போட முடியாது. மூன்றாவது தடவை பெறுபேறு வந்த நாளில், "ஒனக்குக் கணக்கு ஏறாது, விட்டுரு" என்று வீட்டில் சொன்னார்கள். விட்டுவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. மகள் பிறந்த பிறகு ஒரே ஒரு பயம்தான் எனக்கு. என்னிடமிருந்து இதுவும் அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்.

எங்கள் தோட்டத்து முன்பள்ளியில் இரண்டு வகுப்பு உண்டு. சின்ன வகுப்பில் மூன்று வயதுக் குஞ்சுகள் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரிய வகுப்பில் இருப்பவர்கள் மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போவார்கள். டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜனவரியில் பெரிய வகுப்பில் உட்கார வேண்டுமானால், பத்துப் பொருளை எண்ணி, எத்தனை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டாகப் பாடினால் போதாது. தெரியாத பிள்ளை இன்னும் ஒரு வருஷம் சின்ன வகுப்பிலேயே இருக்கட்டும், பிறகு நேராக முதலாம் ஆண்டுக்குப் போய்த் திணறட்டும். கடைசி வரியை அவர் சொல்லவில்லை. அது நான் சேர்த்துக்கொண்டது.

அன்று மாலையே வேலையில் இறங்கிவிட்டேன். பண்டாரவளையில் முட்டைக் கடை வைத்திருக்கிற நானாவிடம் சொல்லி, என் வீட்டுக்காரர் வெறும் முட்டை அட்டைகளைக் கட்டாக வாங்கி வந்தார். அவர் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றுகிறவர், டவுனில் அவருக்குத் தெரியாத கடை கிடையாது. ஓர் அட்டையில் பத்துக் குழி வருகிற மாதிரி வெட்டினேன். ஒரு குழிக்கு ஒரு கௌபி விதை. குழி காலியாக இருந்தால் அதற்குப் பெயர் பூச்சியம், அதை எப்படி எழுதுவது என்றும் வட்டம் போட்டுக் காட்டினேன். சோடா மூடிகள், துணி மாட்டுகிற கிளிப்புகள், தேய்ந்துபோன கரண்டிகள், மேட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிற பைன் காய்கள் என்று வீடே கடையாகிவிட்டது. சட்டை போடப் பொத்தான் இல்லை, தேத்தண்ணி கலக்கக் கரண்டி இல்லை என்று இவர் முனகுவார். முனகிக்கொண்டே இரண்டு சோடா மூடியைப் பையிலிருந்து எடுத்து வைப்பார்.

கணக்கு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எனக்கு அது எப்போதும் கரும்பலகையில் இருந்த ஒன்று. தொட்டுப் பார்த்ததே இல்லை. இப்போது பாயில் உட்கார்ந்து, ஏழு மூடியை மூன்றும் நாலுமாகப் பிரித்து வைத்து, ஐந்தும் இரண்டுமாகப் பிரித்து வைத்து, எப்படிப் பிரித்தாலும் ஏழு என்று அவள் சிரிக்கும்போது, எனக்கும் அதுதான் முதல் தடவை போல இருந்தது. குழாயடிக்குப் போகிற படிகளை எண்ணினோம். ரொட்டி போடும்போது ஆளுக்கு இரண்டு என்றால் மூன்று பேருக்கு எத்தனை என்று ரொட்டியை அடுக்கிப் பார்த்தோம். மாலையில், வேலை முடியும் வரைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போவேன். அங்கே கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற எண்களை, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து இவள் வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்காது.

நவம்பர் மாதக் கடைசியில் பாயில் எதைக் கொட்டினாலும் பத்து வரைக்கும் பிசகாமல் எண்ணினாள். பெரிய வகுப்பு கையில் வந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆசை இருந்தால் போதுமா?

ஒரு நாள் காலை, பிள்ளையை விடப் போன இடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நல்ல பிள்ளைதான், சுறுசுறுப்பான பிள்ளைதான், ஆனால் எண்ணிக்கை வரவில்லை என்றார். நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப் பையைக் கொடுத்து, மணிகளை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே போடச் சொல்லியிருக்கிறார். இவள் பத்து வரைக்கும் சரியாக எண்ணிப் போட்டிருக்கிறாள். பையில் எத்தனை என்று கேட்டதற்கு எட்டு என்றாளாம். இன்னொரு தடவை ஆறு போடச் சொன்னால் நாலு என்றாளாம். எண்ணத் தெரிகிறது, எண்ணி முடித்தால் எத்தனை என்பது தெரியவில்லை, பாட்டாகத்தான் பாடுகிறாள் என்றார்.

"லீவு விடறதுக்கு முந்தி இன்னொருக்கா பாக்குறேன். அப்பவும் வரலன்னா சின்ன வகுப்புலயே இருக்கட்டும். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அன்றைக்கு முழுக்க என் கை கொழுந்தில் இருந்தது, நான் அங்கே இல்லை. "ஒனக்குக் கணக்கு ஏறாது" என்ற அந்தப் பழைய குரல் செடிக்குச் செடி கூடவே வந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தின அவமானம், நேற்று நடந்த மாதிரி முகத்தில் சூடாக ஏறியது.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் பத்து விதைகளைப் பாயில் போட்டேன். எத்தனை? பத்து. மூடி? பத்து. கிளிப்பு? பத்து. அப்படியானால் டீச்சரிடம் ஏனடி எட்டு என்றாய்? ஏனென்றால் பையில் எட்டுத்தான் இருந்தது என்றாள். பத்தா, எட்டா? பத்தும்தான், எட்டும்தான். இது என்ன பதில்? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்னை ஏமாற்றுகிறாய், டீச்சரை ஏமாற்றுகிறாய் என்று கத்தி, நான் ஆசை ஆசையாக வெட்டிய முட்டை அட்டையை மிதித்தே நசுக்கிவிட்டேன். விதைகள் நாலா பக்கமும் தெறித்தன. பிள்ளை அழவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மூன்று மாதமாக நான் கட்டியதை ஒரே மிதியில் நானே மிதித்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. குசினிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் வேலை முடிந்து வந்தார். வீட்டைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு ஷொப்பிங் பேக்கை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தெறித்த விதைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்தும் ஒரு கை வந்து பொறுக்கியது. நான் பொறுக்கியதையும் சேர்த்து எண்ணி எண்ணிப் போடு, ஒன்றும் தொலைந்துவிடக் கூடாது என்றார் இவர். அவள் எண்ணிப் போட்டாள். ஒன்பது, பத்து. எல்லாம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றாள்.

"அப்ப பையில எத்தன?"

"எட்டு."

நான் குசினி வாசலுக்கு வந்துவிட்டேன். கத்தப் போகிறேன் என்று நினைத்து இவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஆனால் நான் கத்தவில்லை. எதுவோ என் மண்டையில் தட்டியது. பாயில் போட்டால் எப்போதும் பத்து. பைக்குள் போட்டால் எட்டு. டீச்சரும் பையில்தான் போடச் சொன்னார். ஆறு போட்டால் நாலு, பத்து போட்டால் எட்டு. தப்பு என்றால் ஒரு தடவை ஒன்று குறையும், இன்னொரு தடவை மூன்று குறையும். இது ஒரே அளவில், சொல்லிவைத்தாற்போல், இரண்டு இரண்டாகக் குறைகிறது.

பையைத் தரையில் கொட்டினேன். எத்தனை என்றேன். பத்து. திரும்ப உள்ளே அள்ளிப் போட்டேன். எட்டு. அவள் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ரெண்டு எங்கடி தங்கம் போச்சு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாதா உனக்கு என்கிற பார்வை.

"ரெண்டு சாக்குக்கும்மா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. கொழுந்து நிறுக்கிற மடுவம்! தினமும் மாலையில் நான் சாக்கைத் தராசில் மாட்டுவேன். கணக்கப்பிள்ளை உரத்துக் கூப்பிடுவார். "பதினெட்டு. சாக்குக்கு ரெண்டு. பதினாறு." எனக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு, "பதினாலு. சாக்குக்கு ரெண்டு. பன்னெண்டு." சாக்கின் கனத்துக்கும் கொழுந்தில் இருக்கிற ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தக் கல்லில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிச் சொல்லி, என் பிள்ளை படித்துக்கொண்டது இதைத்தான். எதையும் சாக்குக்குள் போட்டால் இரண்டு போய்விடும். அது உலக வழக்கம். அம்மாவுக்குத் தெரியாதா என்ன?

"கழிக்கிறா!" என்று கத்தினேன். "நாலு வயசுல இவ கழிக்கிறா!"

கணக்கு வராத பிள்ளையாம்! விரல் மடக்காமல், மனசுக்குள்ளேயே, பத்திலிருந்து இரண்டு, ஆறிலிருந்து இரண்டு. நான் ஓ.எல்.லுக்கு எழுதிப் பாஸ் பண்ணாத ஒன்றை என் மகள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து போடுகிறாள். அவளைத் தூக்கிச் சுற்றினேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முட்டை அட்டையை மிதித்த அம்மாவை மன்னித்துவிடு என்று காலைப் பிடித்தேன். அவள் பெரிய மனுஷி மாதிரி, வேறு அட்டை வெட்டு என்றாள். இவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு தடவை சோற்றை இறக்கப் போகிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி அந்த இரண்டு பஞ்சாகப் பறந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே பறந்தது? பை எதையும் தின்னாது என்று சொல்லிப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை ஐயா தின்னும் என்கிறாரே என்றாள். அவர் பேச்சுக்கு முன்னால் என் பேச்சு எந்த மூலைக்கு? பையைக் கொட்டிக் காட்டினேன், பார், பத்தும் இருக்கிறது என்றேன். கொட்டினால் திரும்பி வந்துவிடும் என்றாள். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

சரி, வைத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். எங்கள் வீட்டுப் பாடத்தில் அதுதான் சட்டம். யார் சொன்னாலும் நம்பாதே, கையில் எடுத்து வைத்துப் பார். துணி மாட்டுகிற ஹேங்கரின் இரண்டு முனையிலும் யோகட் கோப்பைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒரு தராசு செய்தேன். ஒரு கோப்பையில் வெறும் ஷொப்பிங் பேக்கைச் சுருட்டி வைத்தேன். மற்றக் கோப்பையில் அவள் சோடா மூடி வைக்க வேண்டும். ஒரு மூடியிலேயே பை மேலே ஏறிவிடும், பைக்குக் கனமே இல்லை என்று காட்டிவிடலாம் என்பது என் கணக்கு. ஒரு மூடி வைத்தாள். பை அசையவில்லை. இரண்டாவது மூடி வைத்தாள். ஹேங்கர் ஆடி ஆடி, நேராக, கோடு போட்டது போல நின்றது.

"பாத்தியா? ரெண்டு!"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்த ஹேங்கரை இரண்டாக உடைக்கலாம் போல இருந்தது. நானே தராசு செய்து, நானே அவள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டேன். என் கணக்கு என்றைக்கு எனக்குக் கை கொடுத்திருக்கிறது? ஆனால் மகள் அதோடு நிறுத்தவில்லை. அவளுக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. இனிச் சாக்கை வைப்போம் என்றாள். சாக்கு இந்தத் தராசில் நிற்காது, பெரிய தராசு வேண்டும் என்றேன். பெரிய தராசு எங்கே இருக்கிறது என்று அவளுக்கா தெரியாது?

இரண்டு நாள் அவளைத் தட்டிக் கழித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். பதினோரு வருஷத்தில் அந்தத் தராசுக்கு முன்னால் நின்று நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சாக்கை மாட்டுவேன், எண்ணைக் கேட்பேன், இறக்குவேன். கழிக்கிற இரண்டைப் பற்றி எங்களுக்குள் முணுமுணுப்போம், அவ்வளவுதான். முன்னாலே போய்க் கேட்பதற்கு யாருக்குத் தைரியம்? ஆனால் டீச்சர் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு அவள் மண்டையிலிருந்து இறங்காவிட்டால் அவள் சின்ன வகுப்பில்தான். "கணக்கு ஏறாது" என்ற பெயர் அவளுக்கும் வந்துவிடும். அதை நினைத்தபோது, கணக்கப்பிள்ளையாவது மண்ணாவது என்று வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை வரிசையில் என் முறை வந்தது. கொழுந்தைக் கொட்டிய பிறகு நகராமல் நின்றேன். ஐயா, பிள்ளை ஆசைப்படுகிறாள், வெறும் சாக்கை ஒரு தடவை தராசில் மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை நல்ல மனுஷர்தான், சின்னப் பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர். முன்பள்ளிப் பாடமா என்று சிரித்து, மாட்டு மாட்டு என்றார். நான் சாக்கை நன்றாக உதறினேன். மகளைத் தூக்கிப் பிடித்தேன். அவளே கொக்கியில் மாட்டினாள்.

அது எலெக்ட்ரானிக் தராசு. சிவப்பு எழுத்துகள் கொஞ்சம் துடித்துவிட்டு நின்றன. முதலில் ஒரு பூச்சியம், ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன எண்.

"பூச்சியம்," என்று வாசித்தாள் மகள். முட்டை அட்டையின் காலிக் குழியைப் பார்த்துச் சொல்கிற அதே குரல். பிறகு தராசைப் பார்த்தாள், சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு இல்லயேம்மா. அப்ப ரெண்ட யாரு எடுத்தா?"

வரிசையில் நின்ற இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணக்கப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணிக்கும் சேர்த்துத்தான் பாப்பா, மழையில் கொழுந்து நனைந்திருக்குமில்லையா என்றார். சொல்லிவிட்டு அவரே அண்ணாந்து பார்த்தார். நாலு நாளாக ஒரு பொட்டு மழை இல்லை. வானம் வெள்ளையாக, வெறுமனே கிடந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவளின் சாக்கைக் கூப்பிட்டார். அன்றைக்கு மிச்சப் பேருக்கெல்லாம் ஒன்றுதான் கழித்தார். மறுநாள் பழையபடி இரண்டு.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் விடவில்லை. யார் எடுத்தா, ஏன் எடுத்தா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாக என் முதுகில் சுமந்த சாக்கு. அதைத் தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். ஆனால் ஒன்று தெரியும், நீ எத்தனை எண்ணிப் போட்டாயோ அத்தனையும் உன் பையில் இருக்கும், யாராவது எடுத்தால் ஒழியக் குறையாது என்றேன். டீச்சர் எடுக்கவில்லை என்றாள் அவள். ஆமாம், டீச்சர் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்காமலே விதைகளை எடுத்து, எண்ணிப் பைக்குள் போட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

லீவுக்கு முந்தின நாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு முன்பள்ளிக்குப் போனேன். இந்தச் சாக்குக் கதை எதையும் டீச்சரிடம் சொல்லவில்லை. இவர் சொல்லச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. காரணம் சொல்லி உள்ளே போக வேண்டாம், எண்ணிச் சொல்லி உள்ளே போகட்டும் என்று இருந்தது. அது வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே டீச்சர் அதே துணிப் பையை எடுத்தார். மணிகளை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். என் மகள் போட்டாள். ஒன்று, இரண்டு என்று அவள் சொல்லச் சொல்ல, நானும் வெளியே வாயசைத்துக்கொண்டிருந்தேன். பத்து. டீச்சர் பையின் வாயைக் கயிறு இழுத்துக் கட்டினார்.

"பையில எத்தன இருக்கு?"

அவள் பையை வாங்கி மடியில் வைத்தாள். டீச்சரின் இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்தாள், வலது கையை ஒரு தடவை, இடது கையை ஒரு தடவை. எட்டு என்று சொல்லிவிடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

"பத்து," என்றாள்.

டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே என்றார்.

"பத்துதான் டீச்சர். சாக்குக்கு ஒண்ணும் கெடையாது."

டீச்சருக்கு அது என்ன என்று விளங்கவில்லை. பையை அவிழ்த்து மேசையில் கொட்டி எண்ணினார், பத்தும் இருந்தது. பெரிய வகுப்புக் கொப்பியைத் திறந்து என் மகளின் பெயரை எழுதினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டே அழுதேன். பிறகு மடுவத்துக்கு ஓடினேன். பகல் நிறுவைக்குச் சாக்கோடு வரிசையில் நின்றவர்களிடம், மூச்சு வாங்க வாங்க, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா தன் சாக்கை முதுகிலிருந்து இறக்கி, கொழுந்தைத் தரையில் விரித்திருந்த படங்கில் கொட்டி, நன்றாக உதறி, வெறும் சாக்கை முதலில் தராசில் மாட்டினார்.